மற்றும் பிறர்

அடிஸ் அபாபா,
அக்டோபர் முதல் வாரம்.

மதிப்பிற்குரிய மச்சான் ஜாபிர் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் முறையில் ஒன்று, எங்கள் கோயில் முறையில் ஒன்று, இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான், ஹன்னா, குழந்தை எலிசா மூவரும் சுகம். துக்க வீட்டுக்கு எழுதும் கடிதத்தில், அங்கு எல்லோரும் சுகமா என்று கேட்பது அசட்டுத்தனம்தான். ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதத்தை எப்படித் தொடங்குவது?

உங்கள் தம்பி யாசீன் இப்படிச் சட்டென்று போய்விடுவார் என்று யார் நினைத்தோம்? சூடானில், கஸ்ஸலா அகதி முகாமில் அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "குனாமாக்காரன் வந்தா மாட்டை உள்ள கட்டுன்னு சின்ன வயசுல எங்களைப் பயமுறுத்துவாங்க. நீங்க என்னடான்னா கட்டிப்போட்ட கோழியைக்கூடத் திருடமாட்டீங்க போலிருக்கே" என்றார். "எங்க வீட்டுல நாராக்காரனைப் பத்தி அதையேதான் சொன்னாங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நம் ஊர்க் காஷ் ஆற்றின் இந்தக் கரையில் எங்கள் குனாமா ஜனமும் அந்தக் கரையில் உங்கள் நாரா ஜனமும் தலைமுறை தலைமுறையாக மாடு திருடிக்கொண்டதுதான் மிச்சம். அந்த நல்ல மனிதருக்கு ஆண்டவன் நல்ல இடம் தரட்டும். சொந்த ஊர் மண் கிடைக்கவில்லையே என்றுதான் ஹன்னாவுக்கு ஆறவில்லை.

அவள் உங்களைக் கூடப்பிறந்தவராக நினைக்கிறவள். எங்கள் ஜனத்தில் பிள்ளைக்குத் தகப்பனைவிடத் தாய்மாமன்தான் பெரியவர். அவளுக்கோ அண்ணன் தம்பி யாரும் உயிரோடு இல்லை. எலிசா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "மாமன் இல்லாத பிள்ளைன்னு எவனாவது சொன்னான், பல்லைப் பேத்துடுவேன்" என்று நீங்கள் சொன்னதை இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். உங்கள் தம்பி போனதற்கு இங்கே மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

மன்றத்துச் செய்தி. நம் ஒற்றுமை மன்றம் நீங்கள் விட்டுப்போன அதே வாடகை வீட்டில், அதே ஒழுகும் கூரைக்குக் கீழே எரித்ரியாவை மீட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாம் வழக்கம்போல் இரண்டிரண்டுதான். தலைவர் கிறிஸ்தவர், துணைத்தலைவர் முஸ்லிம். தீர்மானம் திக்ரிஞாவில் ஒரு தடவை, அரபியில் ஒரு தடவை. கிறிஸ்தவர் அறுத்த ஆடு ஒரு பானை, முஸ்லிம் அறுத்த ஆடு ஒரு பானை. போன கூட்டத்துக்கு எல்லை முகாமிலிருந்து வந்த எங்கள் ஜனத்துக் கிழவர் ஒருவர், கோயிலுக்கும் போகாதவர், பள்ளிவாசலுக்கும் போகாதவர், தட்டை வைத்துக்கொண்டு இரண்டு பானைக்கும் நடுவில் நின்றார். "ஐயா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். "பசிக்கிற பக்கம்" என்றார். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குக் கூட்டம் நடந்திருக்காது, சிரித்தே முடிந்திருக்கும்.

மன்றம் எழுதுகிற சாசனத்தின் ஏழாவது பத்தியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஏழு ஜனங்களின் பெயரை வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் 'மற்றும் பிறர்' என்று முடித்திருந்தார்களே, அந்தப் பத்தி. மிச்சம் இருந்த பிறர் யார்? நீங்களும் நானும்தான். பெயர் இருந்தால் சொந்த நிலத்தின்மேல் ஒரு சொல் உண்டு, பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பள்ளிக்கூடம் உண்டு. பிறர் என்றால் கொடுத்தால் உண்டு. நல்ல நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பெயர்தான் எழுத மறந்துபோகிறது என்று நீங்கள் சொன்னதற்கு, தலைவர் ஹப்தெமிக்கேல் வாத்தியார் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அதற்கப்புறம் நாம் ஒருவரையொருவர் 'வாங்க பிறரே', 'போங்க பிறரே' என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பஸ் ஏறும்போது நீங்கள் சொன்னது நினைவில் இருக்கிறது. "மாப்ளே, நம்ம ரெண்டு ஜனத்துப் பேரும் சேர்ந்து ஏறணும். இல்லேன்னா ரெண்டும் வேண்டாம். நான் வர்ற வரைக்கும் என் வாயும் நீதான்" என்றீர்கள்.

பேச்சு நடந்தது. ஒருவிதமாக முடிந்தது என்றே சொல்ல வேண்டும். துக்க வீட்டில் இருப்பவரிடம் அரசியல் எதற்கு? பிறகு விவரமாக எழுதுகிறேன். கெடாரெஃப் வழியாக உங்கள் பக்கம் போகும் லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுப் புறப்பட வேண்டாம். நாற்பதாம் நாள் முடித்துவிட்டு நிதானமாக வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
லூக்காஸ்

* * *

அடிஸ் அபாபா,
அக்டோபர் கடைசி.

ஜாபிர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆரஞ்சு மூட்டை வந்து சேர்ந்தது. மன்றத்து முற்றத்தில் அதைப் பிரித்து, லாரிக்காரர் உங்கள் செய்தியையும் எல்லோர் முன்னாலும் சொன்னார். "எனக்காகப் பேசின என் மாப்பிள்ளைக்கும், கேட்டுக்கிட்ட பெரியவங்களுக்கும்" என்று நீங்கள் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். நான் போன கடிதத்தில் 'ஒருவிதமாக முடிந்தது' என்று எழுதியதை, நல்லவிதமாக முடிந்தது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். நல்லவன் எழுதியதாக நினைத்துப் படித்தால் அப்படித்தான் படிக்க முடியும்.

எல்லோரும் தின்றார்கள். வாத்தியார் தின்றார். துணைத்தலைவர் ஸாலிஹ் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை உரிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல், அங்கிருந்து வீடுவரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். உங்கள் குரல் கேட்டால் மறுபடியும் எதையாவது பூசி மெழுகிவிடுவேன்.

நீங்கள் போன மறுவாரம் ஏழாவது பத்தி எடுக்கப்பட்டது. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து பார்க்கப்போகும் சாசனம், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரே அவசரம். வாத்தியார் தன் கையாலேயே எனக்குக் காப்பி ஊற்றினார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். "லூக்காஸ், உன்னை யாருப்பா இல்லேன்னு சொன்னா? நீ எங்க ஆளு. நாம எல்லாம் ஒரே வேதத்தைப் படிக்கிறவங்க. குனாமான்னு இப்பவே எழுதிடறோம்" என்றார். நாரா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் நம்புங்கள். அதற்கு ஸாலிஹ், "அவங்க எங்க பங்குல வந்துடுவாங்க. ஜாபிரே போறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிட்டான், எங்களுக்குத் தனியா எதுக்கு, முஸ்லிம்களோட முஸ்லிமா இருந்துக்கறோம்னு" என்றார்.

நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டீர்கள். எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஸாலிஹ் எதிரிலேயே போட்டிருக்கலாம், போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. போட்டால் அது பொய் என்று தெரிந்துபோகும், தெரிந்துபோனால் நான் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும் என்று பயந்து போடவில்லை. மாறாக, 'பார்த்தாயா, இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் அங்கே போய்ப் பேசியிருக்கிறானே' என்று உங்கள்மேல் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். அன்றைக்கு அந்த நடிப்பை நான் நன்றாகவே நடித்தேன்.

நம்மை எப்படிப் பிரித்தார்கள் பாருங்கள். அவர்களுக்கு இரண்டு பானைதான் தெரியும். என்னை ஒன்றில் போட்டார்கள், உங்களை மற்றதில் போட்டார்கள். உங்கள் பானையிலும் உங்கள் பெயர் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஆனால் அவர்களை எதற்குத் திட்ட வேண்டும்? போட்ட இடத்தில் நான் பேசாமல் கிடந்தேனே.

பத்தியைத் திருத்தி உரக்கப் படித்தார்கள். வரிசையில் எட்டாவதாக 'குனாமா' என்று வந்தது. மச்சான், அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்கமாட்டேன். என் அப்பன், அவன் அப்பன், யார் பெயரும் எந்தக் காகிதத்திலும் மரியாதையாக ஏறினதில்லை. அதற்கடுத்து 'மற்றும் பிறர்' என்று படித்தார்கள். அந்தச் சொல்லில் இப்போது நீங்கள் மட்டும் தனியாக நிற்கிறீர்கள்.

அந்தப் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். இதற்கே நீங்கள் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் போன கடிதம் மாதிரிதான்.

படித்து முடித்ததும் மூலையிலிருந்து ஒருவர், "அப்ப பிறர்ல இன்னும் யாருதான் பாக்கி?" என்று கேட்டார். வாத்தியாருக்குப் பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். அந்தப் பழைய வார்த்தையைச் சொன்னார். மேட்டுநிலத்துக்காரர்கள் அடிமைக்கும் உங்கள் ஜனத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தை வைத்திருந்தார்களே, உங்கள் அப்பாவைச் சந்தையில் அப்படிக் கூப்பிட்டதற்காக நீங்கள் பன்னிரண்டு வயதில் ஒருவன் மண்டையை உடைத்தீர்களே, அந்த வார்த்தை. அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

யோசித்துச் சிரிக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அதுதான் இன்னும் மோசம். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால், அவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்தால் எங்களுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்களே, அது ஞாபகம் வரும். அதற்காகச் சிரித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த அறையில் சிரிக்கிறவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அது எனக்குச் சுகமாகவும் இருந்தது. இப்போது எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆரஞ்சோடு வீட்டுக்குப் போனேன். ஹன்னா சந்தோஷமாக, "அண்ணன் அனுப்பினதா?" என்று வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எம் புள்ளைக்கு மாமன் யாருன்னு நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்? மற்றும் பிறர்னா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. சோறு வைக்கிறாள், எழுந்து போய்விடுகிறாள். நியாயம்தான்.

மறுநாள் காலையில் வாத்தியாரிடம் போனேன். நாரா பெயர் ஏறாமல் கடைசிச் சாசனத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்குச் சிரிச்சியே லூக்காஸ்" என்றார். "உனக்கே சிரிப்பு வர்ற ஒரு ஜனத்துக்கு நான் எதுக்கு ஒரு வரி ஒதுக்கணும்? கோபம் வரணும்னா அன்னைக்கு அங்கேயே வந்திருக்கணும். ஒரு மாசம் ஊறப்போட்டு வர்றது கோபம் இல்லப்பா, பயம்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். நம் நாட்டு ஆட்சியாளர்களின் சிறையில் ஒரு காதின் கேட்கும் சக்தியை இழந்தவர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் அதிகமாக வலித்தது. நீங்கள் உண்மையிலேயே அப்படிச் சொன்னீர்களா என்று ஸாலிஹைக் கேட்டேன். "அப்படிச் சொன்னதாத்தான் ஞாபகம்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

நான் என் ஜனத்தின் பெயரை வாபஸ் வாங்கிவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. யார் மூலமாகவோ செய்தி எல்லை முகாமுக்குப் போய்விட்டது. எங்கள் பெரியவர்கள் சோளக் கள் காய்ச்சி, பறையடித்து ஆடியிருக்கிறார்கள். "நம்ம பேரு ஏறிடுச்சாமே லூக்காஸ், நீ பொறந்த வயிறு நல்ல வயிறுடா" என்று பாதிரியாரின் போனில் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். ஆறு கிழவர்கள், ஒருவர் மாற்றி ஒருவர். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்றேன். ஊரில் கிணற்றுக்கு இடம் பார்ப்பதென்றால்கூட ஒருவர் வராவிட்டால் பேச்சை மறுநாளைக்குத் தள்ளிவைக்கிற ஜனம் அது. பக்கத்து ஜனத்தை வெளியே நிற்கவைத்துவிட்டு இந்தப் பெயர் ஏறியது என்று தெரிந்தால் பறையை என் தலையில் உடைப்பார்கள். தெரிவிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கும் வெட்கப்படுகிறேன்.

கடைசிக் கையெழுத்து அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. விருந்தாளிகள் அன்று வருகிறார்கள். நான் போடமாட்டேன். போடாவிட்டால் 'குனாமாவும் பிறரோடு சேரட்டும்' என்று அடித்துவிடப் போவதாக வாத்தியார் சொல்கிறார். அடிக்கட்டும். அதைச் செய்து முடித்ததும் உங்களிடம் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நான் எதிர்பார்ப்பதாக நினைக்க வேண்டாம். கையெழுத்தைப் போடாமல் இருக்க ஒரு கோழையாலும் முடியும். சும்மா இருந்தால் போதும். அந்தச் சனிக்கிழமை அந்த அறையில் எழுந்து நின்று, 'இப்படித்தான் பொய் சொன்னார்கள், இப்படித்தான் நான் நம்பினதாக நடித்தேன், இந்த வார்த்தைக்கு நான் சிரித்தேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த வார்த்தை வரும் இடத்தில் குரல் வரவில்லை. நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் வரும் என்று நினைக்கிறேன். அப்போது என் பயம் அவர்களைப் பார்த்து இருக்காது, உங்களைப் பார்த்து இருக்கும்.

போன கடிதத்தில் நிதானமாக வாருங்கள், அவசரம் இல்லை என்று எழுதினேன். அதற்கு அர்த்தம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த வரியை மன்னிக்க வேண்டாம். தம்பியின் துக்கத்தைச் சாக்காக வைத்து உங்களைத் தூரத்திலேயே நிறுத்தப் பார்த்தேன்.

வாருங்கள், மச்சான். நாற்பதாம் நாள் முடிந்திருக்காது, தெரியும். வழியில் எல்லைக்காரர்கள் தொல்லை, அதுவும் தெரியும். எனக்காக வரவேண்டாம். வந்து அத்தனை பேர் முன்னால் என்னை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிடுங்கள். மண்டையை உடைத்தாலும் சரி, ஹன்னா உங்கள் பக்கம்தான் நிற்பாள். ஆனால் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பைத்தான் உங்கள் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

யாசீனின் கபர்மேல் நல்ல மழை பெய்யட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த அறைக்குள் போனாலும் தலை நிமிர்ந்து போகட்டும்.

லூக்காஸ்